தயாளினி வீட்டுக் கறையான்

காலையிலிருந்து என் மனுசன் ஜெபரட்ணம் பக்கத்து வீட்டுத் தயாளினியின் சுவரோரம் கான் வெட்டிக்கொண்டிருந்தார். கறையான் மருந்து ஊற்ற ஒரு சின்ன வாய்க்கால்தான். இங்கே என் வீட்டுக் கதவு நிலையைக் கறையான் முழங்கால் உயரத்துக்கு அரித்துவிட்டது. அதைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

சமைத்துக்கொண்டு நின்ற எனக்குக் குசினி யன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. தயாளினியின் புருசன் கத்தாரில். அவள் தலை முழுகி, முகத்துக்குப் பவுடர் பூசி, தேத்தண்ணியோடு நின்றாள். மண் கிண்டுகிற இடத்துக்கு எவளாவது பவுடர் பூசிக்கொண்டு வருவாளா?

“அண்ணை, களைச்சுப் போனியள். கொஞ்சம் இருந்திட்டுச் செய்யுங்கோவன்.”

“இல்லைப் பிள்ளை, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாறன். மருந்து அத்திவாரம் மட்டும் ஊறோணும். ஒரு இடம் விட்டாலும் கறையான் அதாலை ஏறிப்போடும்.”

அடேயப்பா, என்ன அக்கறை! என்னோடு அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து எத்தனை காலம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓம், எரிச்சல்தான், பொறாமைதான். கதவு நிலை போனால் போகட்டும், மனுசனும் போய்விடுவாரோ?

மத்தியானம் சாப்பிட வந்தார். சோற்றுக் கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

“ஊருக்கெல்லாம் கான் வெட்டுங்கோ. கட்டினவளின்ரை வீடு இடிஞ்சு விழட்டும்.”

“இது ஆற்றை வீடு?” என்று கேட்டார்.

“என்ரை வீடு. அப்பா எனக்குத் தந்த சீதன வீடு.”

“அதைத்தான் கலியாணம் கட்டின நாள் தொட்டுச் சொல்லுறாய். போன வருசம் யன்னலுக்கு ஒரு கொளுக்கி அடிக்க, ஆரைக் கேட்டு என்ரை வீட்டிலை ஆணி அடிச்சனீங்கள் எண்டு கத்தினாய். தயாளினி, அண்ணை ஒருக்கா வாங்கோ எண்டு கேட்டவள். போனன்.”

சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். உறுதிப் பத்திரம் என் பெயரில். அந்தத் திமிரை விழுங்குவது சும்மாவா? விழுங்கினேன்.

“அப்ப நானும் கேக்கிறன். எங்கடை வீட்டுக்கும் கான் வெட்டுங்கோ.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓம், வெட்டுறன். அங்கை இன்னும் ரெண்டு பக்கம் கிடக்கு. அது முடியட்டும்.”

ரெண்டு பக்கம்! இவருடைய வேகத்துக்கு நாளைக்கும் போவார். நாளைக்கும் அவள் பவுடர் பூசுவாள்.

அவர் சாப்பிட்டுத் திரும்பிப் போக, நானும் மண் கிண்டுகிற அலவாங்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்த் தயாளினியின் படலையைத் திறந்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“என்னக்கா, நீங்களுமோ?”

“ஓமடி பிள்ளை. பொழுதுபட முன்னம் உன்ரை வீட்டை முடிச்சு, இந்த மனுசனை நான் கூட்டிக்கொண்டு போகோணும்.”

சொல்லிவிட்டு அவளுடைய குசினிச் சுவரோர மண்ணில் அலவாங்கால் ஓங்கிக் குத்தினேன்.