வரிசையில் முதல் தாள்

பிரிண்ட் கொடுத்த பிறகுதான் ரக்ஷனாவுக்கு உறைத்தது. மேசையோரம் இருந்த வீட்டுப் பிரிண்டர் அசையவே இல்லை. தாள் போன இடம் கிளமெண்டி வீடு அல்ல, லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்ட்ரீட் கடை.

அது மாமியார் அன்னம்மாவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. போன தாளோ ரக்ஷனாவின் கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட்.

கடைக் கம்ப்யூட்டர்களையும் வீட்டு லேப்டாப்பையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தவள் ரக்ஷனாதான். அதற்கு முன் ஒரு டிசைனைக் காட்ட வேண்டுமென்றால் பென் டிரைவோடு ரயிலேற வேண்டும். இப்போது வீட்டில் வரைந்தால் கடைத் திரையில் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே ஃபைல் பெட்டி, ஒரே பெரிய பிரிண்டர். அன்றைக்கே அவள் கணவன் ஆதவன் கிண்டலடித்தான். "எல்லாரையும் ஒரே கயித்துல கட்டுற. ஒருத்தர் தடுக்கினா எல்லாரும் விழணும்லா."

"விழுந்தா நான் தூக்கி விடறேன்" என்று சிரித்திருந்தாள்.

இந்தக் குழந்தையைப் பற்றி ஆதவனுக்கே இன்னும் தெரியாது. போன தடவை நாள் தள்ளிப்போனதுமே வாய்கொள்ளாச் சிரிப்போடு அம்மாவிடம் சொல்லிவிட்டான். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பதையெல்லாம் மறந்து, அன்னம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். பிறகு ஒன்றுமில்லை என்றானபோது, லட்டு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் கேட்டார்கள். ஆதவன் வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல், ஊரார் குழந்தைகளின் பெயர்சூட்டு விழா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது. இந்த முறையும் டாக்டர், "துடிப்பு கொஞ்சம் ஸ்லோ. அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருந்தார். நாளை வேறொரு டாக்டரிடம் காட்டத்தான் இந்தப் பிரிண்ட்.

வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடியும்வரை அன்னம்மா பிரிண்டரைப் போடவிடமாட்டாள். முடிந்ததும் அவளே சுவிட்சைத் தட்டுவாள். புது ஆர்டரின் முதல் பத்திரிகையை வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைப்பாள். இன்றைக்குப் பிரிண்ட் வரிசையில் முதலாவதாக நிற்பது பத்திரிகை இல்லை. மஞ்சளும் கையுமாக நிற்பவளின் கையில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் போய் விழும்.

அழித்துவிடலாம். அனுப்பியவள் அவள்தானே. வரிசையைத் திறந்தாள். 'ரக்ஷனா ஸ்கேன் ரிப்போர்ட்' என்று கோப்பின் பெயர் பச்சையாக நின்றது. அழிக்கப் போகும்போதே திரை உறைந்தது. கடையோடு தொடர்பு இல்லை என்றது. மறுபடி முயன்றாள். இல்லை.

கடையில் இருந்த ஆதவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. அவன் அவள் போனை எடுக்காமல் இருந்ததே இல்லை. பார்த்துவிட்டானோ?

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறினாள். டோபி காட் ஸ்டேஷனில் ஏறிய கூட்டம் இடித்தபோது, தன்னையறியாமல் பையை வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். ராகு காலம் முடிந்திருக்கும். இந்நேரம் அத்தை சுவிட்சைத் தட்டியிருப்பார். லிட்டில் இந்தியாவில் இறங்கி, பூமாலைக் கடைகளைக் கடந்து, பச்சை விளக்குக்குக் காத்திராமல் சிராங்கூன் ரோட்டைத் தாண்டினாள்.

கடை வாசலிலேயே அன்னம்மாவின் குரல் கேட்டது.

"வந்துட்டியா மகாராணி! உன் நெட்வொர்க் படுத்துடுச்சு. பிரிண்டரைப் போட்டா வெறும் காத்துதான் வருது. கார்டு மெஷின் செத்துப்போச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க வேற காத்திருக்காங்க. மஞ்சள் காயுது!"

"ஒண்ணுமே பிரிண்ட் ஆகலையா அத்தை?"

"ஆனா நான் ஏன் கத்தறேன்?"

"நான் பாக்கறேன்" என்று மேசைக்கடியில் குனிந்தாள்.

அங்கே ஆதவன் உட்கார்ந்திருந்தான். கையில் நீலக் கேபிள். எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்க்கும் பெட்டியிலிருந்து பிடுங்கியது.

"நீங்களா?" என்றாள், காற்றாய்.

"என் ஸ்கிரீன்ல வரிசையில பேரைப் பாத்தேன். நீ அனுப்பினதை என் கம்ப்யூட்டர்லேருந்து அழிக்க முடியலை. வரிசையெல்லாம் இருக்கற மெயின் மெஷின் முன்னாடி அம்மா." அவன் முகம் வெளுத்திருந்தது. "புடுங்கிட்டேன்."

"போனையாவது எடுத்திருக்கலாமே. செத்தே போயிட்டேன்."

"அம்மா பக்கத்துல நின்னாங்க. குரல் உடைஞ்சிருக்கும், ரக்ஷு." குரலைத் தாழ்த்தினான். "துடிக்குதா?"

"துடிக்குது. மெதுவா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் பயந்த அதே முகம்தான். ஆனால் கேபிள் இல்லாத கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான். "தனியா பயப்படாத. நாளைக்கு நானும் வர்றேன்."

"கீழே என்ன குடித்தனமா நடத்தறீங்க?" என்றாள் அன்னம்மா.

"லைன் பாக்கறோம்மா!"

ரக்ஷனா எழுந்து, தன் முதுகால் திரையை மறைத்துக்கொண்டு மெயின் மெஷின்முன் நின்றாள். பின்னாலேயே மாமியாரின் மூச்சு. வரிசையில் தன் பெயரைத் தொட்டு அழித்தாள். அது போகும்வரை அவள் மூச்சுவிடவில்லை.

"மாட்டுங்க" என்றாள்.

பெட்டியில் பச்சை விளக்கு உடனே வரவில்லை. ஆதவன் மேசைக்கடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. பிறகு நிற்கவே இல்லை.

பிரிண்டர் உறுமி, சிவப்பும் தங்கமுமாய் ஒரு பத்திரிகையை நீட்டியது. அன்னம்மா மஞ்சள் விரலோடு அதை வாங்கிக்கொண்டு சாமி படத்துக்கு நடந்தாள். ரக்ஷனா நாற்காலியில் சரிந்தாள். அடுத்த ஸ்கேன் இன்னும் இருக்கிறது. மேசைக்கடியிலிருந்து நீண்ட ஆதவனின் கையை அவள் விடவில்லை.