சேர்க்கைக் கடிதம்

"அப்ப ஆண்டவர் உங்க காதுல மட்டும் வந்து சொல்லிட்டுப் போயிருக்கார், அப்படித்தானே மச்சான்?"

"காதுல இல்ல மாப்பிள்ளை, உள்ளத்துல. கட்டி கரைஞ்சாச்சுன்னு உணர்த்திட்டார். இனிமே கத்தி வைக்கறது அவிசுவாசம்."

"வசனத்தை மூல மொழியில படிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

"படிச்சுப் படிச்சுத்தான் உங்களுக்கு முழங்கால் மடங்கறதில்ல!"

கட்டி என்னுடையது. இடது மார்பில், சட்டைப் பித்தான் அளவு. அரைமணி நேரமாக இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

என் கணவர் இறையியல் கல்லூரி ஆசிரியர். அடிக்குறிப்பு இல்லாத கடவுளை அவர் ஏற்பதில்லை. அண்ணன் ஜெபக்குழுத் தலைவர். பஸ் வரும் நேரத்தைக்கூடக் கடவுள் அவருக்குச் சொல்லிவிடுவார், பஸ் வந்த பிறகு.

நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பதினாறு வருடமாக அடுத்தவர் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடும் வேலை. செவ்வாய்க்கிழமை என் துணுக்கு வந்தது. கூட வேலை செய்பவள் தடுத்தாள். நானே சீவினேன். நுண்ணோக்கியில் குனிந்தேன். ஊதாப் புள்ளிகள் வரிசை கலைந்து, ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. டாக்டர் எழுதும் முன்பே புற்று என்று தெரிந்துவிட்டது. ஜெபமாக 'அப்பா' என்று மட்டும் வாயில் வந்தது. யாரோ என் தோளோடு தோளாகக் குனிந்து அதையே பார்ப்பது போலிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதை இவர்களிடம் சொன்னால் ஒருவர் அகராதியைப் புரட்டுவார், மற்றவர் சாட்சி சொல்ல மேடைக்கு இழுப்பார்.

கணவர் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் ஆஸ்பத்திரிச் சேர்க்கைக் கடிதத்தின் பின்பக்கம். அண்ணனுக்கான மறுப்பு, மூன்று தலைப்புகளில். அண்ணனோ அதே கடிதத்தில் பூச ஜெப எண்ணெய்ப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தார். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் போய்ச் சேரணும்."

"நாளைக்கா? துன்பத்தைப் பத்தி எனக்குக் கருத்தரங்கு இருக்கேம்மா" என்றார் கணவர்.

"நான் அங்க வந்தா என் விசுவாசம் என்ன ஆகறது, சொல்லு" என்றார் அண்ணன்.

கடிதத்தின் மடிப்பை நீவினேன்.

"ஆபரேஷன் நடக்கும். அதுல பேச்சே இல்ல. வெளிய பெஞ்சுல எனக்காக ஒருத்தர் உட்காரணும், அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், தரிசனம் வேண்டாம். ரெண்டு பேர்ல யாராவது வாயை மூடிக்கிட்டு வந்து உட்காருவீங்களா?"