ஒரு விரல் உயரம்

தம்பி இழைப்புளியை இன்னொரு முறை ஓட்டிவிட்டு, மரச்சட்டத்தின் சரிவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நடுவில் இன்னும் லேசாக ஒரு மேடு இருந்தது. உப்புத்தாளை எடுத்தார்.

அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவர் தம்பி ஆகிவிட்டார். தலை நரைத்த பிறகும் அதே பெயர்தான். சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அண்ணனைச் சேர்த்து, தம்பியண்ணே என்பார்கள். கூப்பிட்டவள் இப்போது கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள்.

"என்ன தம்பியண்ணே இது?" சித்தப்பா மகன் குரலைத் தாழ்த்திக் கடிந்தான். "வீட்ல இப்படி ஆகிக் கிடக்கு. நீங்க உக்காந்து மரம் இழைச்சிட்டிருக்கீங்க. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"வண்டி வந்துடுச்சா?"

"வந்துட்டே இருக்கு."

"அப்ப நேரம் இருக்கு."

வீட்டின் முன்பகுதி பட்டறை. சிமெண்டுத் தரை. பின்னால் கூடம். பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டியதில் கூடம் ஒரு விரல் உயர்ந்துவிட்டது. இப்படி இரண்டு தரைகள் ஏற்ற இறக்கமாகச் சேரும் வாசல்களுக்கு அளவெடுத்துச் சரிவான மரச்சட்டம் செய்து பதிப்பதுதான் தம்பியின் தொழில். அவர் சொந்த வாசலில் மட்டும் அது இல்லை.

அக்காவுக்குக் கால் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்ததிலிருந்து இது ஒரு வழக்காகவே நடந்துகொண்டிருந்தது.

"எவன் எவன் வீட்டுக்கோ செஞ்சு குடுக்கறே. நம்ம வீட்டுக்கு ஒண்ணு போட உனக்குக் கை வலிக்குதாடா? ஒவ்வொரு தடவையும் என் முதுகு நொறுங்குது."

"நல்ல மரம் வரட்டும்க்கா."

மரத்துக்கு என்ன பஞ்சம்? விஷயம் சிகரெட். தம்பிக்கு நெஞ்சு சரியில்லை, தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அக்கா வேதமாகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி வரும்போது வாசலில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தம்பியின் கை தானாகப் பின்னால் போகும். வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிய தகர டின் ஒன்று அதற்கென்றே இருந்தது.

"என்னடா, வார்னிஷ் வாசனை வேற மாதிரி இருக்கு?"

"புது கம்பெனிக்கா."

அக்கா நம்பிவிடுவாள். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். சட்டம் பதித்தால் சக்கரம் இறங்கும் அந்தச் சத்தம் போய்விடும், கையும் களவுமாக மாட்டிக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டார். இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் அவரைத் தேடி வருகிற ஒரே சத்தம் அதுதான். இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதுமில்லை.

இன்று, கடைசியாகப் போகும்போதாவது அவள் முதுகு குலுங்கக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சட்டத்தோடு வாசலில் மண்டியிட்டார். பொருத்திப் பார்த்தார். முடி நுழைய இடமில்லை. ஸ்க்ரூவை முடுக்கக் குனிந்தபோதுதான் நிலைக்காலின் அடிப்பகுதி கண்ணில் பட்டது. கூடத்துப் பக்கம், இடது மூலையில், மரம் குழிந்திருந்தது. ஒரே இடத்தில் இரும்பு திரும்பத் திரும்ப இடித்த குழி. நாற்காலியின் கால்மிதி உயரம்.

நேராக வருகிற நாற்காலி அங்கே இடிக்க வழியே இல்லை. இரண்டு பக்கமும் கையகலம் இடம் விட்டு வாசலை அகலப்படுத்தியவரே அவர்தான். அங்கே இடிக்க வேண்டுமென்றால் நாற்காலியை வேண்டுமென்றே திருப்ப வேண்டும்.

முதலில் டொக். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சக்கரம் இறங்கும். நடுவில் அந்தக் கொஞ்ச நேரம் எதற்கென்று அவர் யோசித்ததே இல்லை. மரத்தோடேயே பிழைத்த மனுஷனுக்கு மரத்தில் இடிக்கும் சத்தம் தெரியாமல் போயிருக்கிறது. அக்கா கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

கட்டைவிரலைக் குழிக்குள் வைத்துக்கொண்டு தம்பி அப்படியே இருந்தார்.

"அசிங்கமா இருக்குல்ல அண்ணே? பட்டி வச்சு அடைச்சிடலாம்," என்றான் சித்தப்பா மகன்.

"அது கிடக்கட்டும்." தம்பி ஸ்க்ரூவை முடுக்கி முடித்தார்.

வண்டி வந்தது. சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோனார்கள். அவளைத் தூக்குவதைப் பார்க்க முடியாமல் தம்பி பட்டறையின் தெருப்பக்க ஜன்னலுக்குப் போய் நின்றார். யாருக்குப் பயந்து ஒளிய வேண்டும் இனி? ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். வாசலைத் தாண்டும்போது சத்தம் கேட்கும், அப்போது திரும்பிக்கொள்ளலாம் என்று நின்றார். மெதுவா, மெதுவா என்று உள்ளே யாரோ சொன்னார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க."

திரும்பினார். அக்கா அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள்.

அத்தனை பேர் முன்னால், தம்பியின் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது.

ஸ்ட்ரெச்சர் அவரைக் கடந்து தெருவில் இறங்கியது. வண்டியின் பின்கதவை விரியத் திறந்தார்கள்.

"ஏறுங்கண்ணே, நேரமாகுது," என்றான் சித்தப்பா மகன்.

நெருப்பு விரலுக்கு வந்துவிட்டது. தம்பி கையை முன்னால் எடுக்கவில்லை.