எந்த ரகத்திலும் சேராத கதை

சேஷன் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. சர்க்கார் ஆபீஸில் கிளார்க். எழுத்தாளராகும் ஆசையெல்லாம் மனுஷருக்குக் கிடையாது. ஒரே மகள் காமாக்ஷி, பத்து வயசு, தமிழில் நாலு பக்கம் படித்தால் போதும் என்றிருந்தார். டெல்லியிலேயே பிறந்து, ஹிந்தியில் சண்டை போட்டு, ஹிந்தியில் கனவு காண்கிற பெண். மெட்ராஸிலிருந்து வரவழைத்த கதைப் புத்தகங்களை முதல் பக்கத்திலேயே மூடிவிடுவாள். சரி, படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால், "நான் என்ன பேபியா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அதனால் அவரே எழுதினார். பத்து வயசுப் பெண் தப்பான பஸ்ஸில் ஏறி, ஜமுனைக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக வீடு வந்து சேருகிற கதை. சமாசாரம் பெரிசு, வார்த்தைகள் மட்டும் பொடிப்பொடி. பழைய டயரியில் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினார். காமாக்ஷி விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மூன்று சாயங்காலம் படித்தாள். முடித்ததும், "அச்சா! அப்புறம் என்னாச்சுப்பா?" என்றாள். சேஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? காமாக்ஷியைப் போல இங்கே வளர்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகுமே என்று, குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு டயரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே எடிட்டர் பட்டாபி நல்ல மனுஷர்தான். புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதில் மட்டும் அலுப்பே தெரியாது.

"சார், குழந்தைன்னா எல்லாம் ஒண்ணில்லை. அஞ்சு வயசு வரைக்கும் படம்தான், பக்கத்துக்கு ஒரு வரி. ஆறுலேருந்து எட்டு, சின்னச் சின்ன வாக்கியம், வீடு, நாய்க்குட்டி. ஒன்பதுலேருந்து பன்னிரண்டு, அத்தியாயம், சாகசம், நல்ல வளமான நடை. உங்க கதை ஒன்பது வயசுக்கு, பாஷை ஆறு வயசுக்கு. இதை எந்த ரகத்துல போடறது?"

"என் பொண்ணு படிச்சாளே சார்."

"உங்க பொண்ணு ஒருத்திக்காகப் புது ரகம் திறக்க முடியுமா?"

எந்தத் தலைப்பிலும் வராத காகிதத்தைத் திருப்பி அனுப்புவது ஆபீஸில் சேஷனுக்கே கைவந்த வேலை. வேறு ஆளாயிருந்தால் சண்டை போட்டிருப்பான். நம் கிளார்க் பேனாவை எடுத்தார். அதே டயரியில் பொடி வார்த்தைகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, மேலே நீளநீளமாக எழுதிக் கொடுத்தார். காமாக்ஷி படித்த வரிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பட்டாபிக்குப் பரம திருப்தி. அச்சுக் கோத்து முடித்ததும் டயரி குப்பைக்குப் போயிற்று.

எட்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. காமாக்ஷி ஆசை ஆசையாய்க் கட்டிலில் உட்கார்ந்து விரலை வைத்தாள். முதல் பக்கத்தில், 'அஸ்தமன சூரியனின் செந்நிறக் கிரணங்கள்' என்ற இடத்தில் விரல் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அங்கேயே நின்றது.

"அந்த டயரியைக் குடுங்கோப்பா. அதுல நான் படிச்சேனே."

"அது இல்லேம்மா. தூக்கிப் போட்டுட்டா."

அவள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னட்டையில் இருந்த எண்கள் மட்டும் தடங்கலில்லாமல் புரிந்தன: 9–12.

"என் வயசுக்குத்தான் போட்டிருக்கு," என்றாள் மெதுவாக. "அப்ப நான்தான் மக்கா?"

அந்த எண்ணுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர் சேஷன்தானே. "சேச்சே, இல்லடி கண்ணா. அந்த மாதிரியே இன்னொண்ணு எழுதித் தரேன். சின்னச் சின்ன வார்த்தையா."

காமாக்ஷி புத்தகத்தை மெட்ராஸ் புத்தகங்களோடு அலமாரியில் வைத்தாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "அது பேபிக்கு."