மஞ்சளைத் தாண்டினால் எலும்புப் பிரிவு

முப்பது வருடமாக அவர் படம் வரைந்தார். ஒன்றுகூட எதைப் போலவும் இருந்ததில்லை. இருந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. பார்க்க வந்தவர் யாராவது "இந்த மூலையில ஒரு கோழி தெரியுதே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. வந்தவர் படியிறங்குவதற்குள் கோழியின் மேல் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். நல்ல படங்கள் பல இப்படி நாசமானதில் ஓவியரின் கணவருக்கு வருத்தம். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர் என்பதால், அந்த வருத்தத்தையும் நிதானமாக, இரண்டு தடவை சொல்வார்.

முதல் கண்காட்சிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். கருத்துப் புத்தகத்தில் ஒருவர், "ஒன்றும் புரியவில்லை, ஆனால் கூரை ஒழுகவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு மெல்லப் புகழ் வந்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள், விருது கொடுத்தார்கள். சொந்தத் தங்கை மட்டும் "அக்கா பெயின்ட் வேலை பாக்குறா" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய ஐம்பத்தாறாவது வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் முன்கூடத்துக்காக அவருடைய படம் ஒன்றை வாங்கியது. பதினான்கு அடி அகலம். ஐந்து அடுக்கு பூசிச் சுரண்டிய மஞ்சள், அதைக் குறுக்கே வெட்டும் சாம்பல் பட்டைகள், வலது ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, கீழே ஒரு நீலம். அந்த நீலம் சரியாக அமைய மட்டும் நாலு மாதம் ஆனது. படத்தின் பெயர் 'தலைப்பில்லை 41'.

மாட்டி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிக் காவலாளி போன் செய்தார்.

"மேடம், உங்க படத்துல ஸ்கேன் எடுக்கிற எடம் எங்க இருக்கு? மத்ததெல்லாம் கண்டுபிடிச்சிட்டோம், அது மட்டும் சிக்க மாட்டேங்குது."

ஓவியர் போட்டது போட்டபடி கிளம்பிப் போனார். படத்துக்கு முன்னால் சின்னக் கூட்டம். கையில் ஃபைலோடு ஒரு பெண் தன் மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "நாம இங்க நிக்கிறோம் அத்தை. மஞ்சளைத் தாண்டி, இந்தச் சாம்பல்ல மேல ஏறி, செவப்பு ஆரம்பிக்கிற எடத்துல திரும்பினா கண்ணு டாக்டர்."

எங்கே போய் முட்டிக்கொள்கிறார்கள் பார்ப்போம் என்று ஓவியர் அவர்கள் பின்னாலேயே நடந்தார். அவர்கள் எங்கும் முட்டிக்கொள்ளவில்லை. நேராகக் கண் பிரிவு வந்தது.

நிர்வாக அதிகாரியின் அறைக்குள் புயல்போல நுழைந்தார். "அது மேப் இல்ல சார்! அதுல எதுவுமே இல்ல!"

"நீங்க அடக்கமாப் பேசறீங்க" என்றார் அதிகாரி. "நாங்க வெச்ச போர்டைப் பாத்து ஒருத்தர்கூடச் சரியான எடத்துக்குப் போனதில்லை. இப்ப போர்டையெல்லாம் கழட்டியாச்சு."

ஓவியர் பிடிவாதமாக நின்று, ஆட்களை வரவழைத்து, படத்தைத் தலைகீழாக மாட்ட வைத்தார். மூன்றாம் நாள் அதிகாரியிடமிருந்து போன்.

"பல்வலின்னு வந்த பெரியவர் ஒருத்தர் பிரசவ வார்டுக்குப் போய்ட்டாரும்மா. அவரும் படத்த நம்பினாரு, நர்ஸும் நம்பிட்டாங்க. எடை பாத்து, கட்டில் குடுத்து, தேதியும் சொல்லிட்டாங்க."

"ஐயையோ! இப்ப எங்க இருக்காரு?"

"அங்கதான். நல்லாக் கவனிச்சுக்கிறாங்க, வர மாட்டேங்கிறாரு."

அன்று மாலையே படம் பழையபடி நேரானது.

அடுத்த வருடம் சிறுநீரகப் பிரிவை இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். அதிகாரி வீட்டுக்கே வந்தார். நீலத்தை இரண்டு விரற்கடை மேலே ஏற்றித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

"நாலு மாசம் போராடி வந்த நீலம் அது. ஒரு நூல்கூட நகத்த மாட்டேன்."

அதிகாரி காபியைக் குடித்து முடித்தார். "சரிம்மா, கலைஞரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நாங்க ஆஸ்பத்திரிய மாத்திக்கிறோம்."

சிறுநீரகப் பிரிவு கீழே இறங்கியது. படத்தின் இடது மூலையில் பச்சையாக ஒரு தீற்றல் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இடத்தில் அதுவரை வெறும் சுவர்தான். சுவரை இடித்துத் தோல் பிரிவு திறந்தார்கள். திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. ஓவியர் அதைக் கிழித்துப் போட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று கணவரிடம் சொன்னார்.

எட்டு வருடம் மிதிக்கவில்லை. ஒருநாள் வரைந்துகொண்டிருக்கும்போது ஏணி சறுக்கி, வலது மணிக்கட்டு உடைந்தது. கணவர் வீட்டில் இல்லை. ஆட்டோக்காரர் கேட்காமலே அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்.

வீங்கிய கையைத் தாங்கிப் பிடித்தபடி முன்கூடத்தில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பெஞ்சில் காலில் கட்டோடு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

"எலும்புப் பிரிவு எங்கங்க?"

"எதிர்லயே போட்டிருக்கே."

ஓவியர் தன் படத்தைப் பார்த்தார். மஞ்சள் மஞ்சளாக இருந்தது. சாம்பல் சாம்பலாக இருந்தது. "எனக்குப் புரியலைங்க" என்றார். அந்த வார்த்தையை இத்தனை வருடமாக மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தார்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, இதுகூடவா புரியல?" பூக்காரம்மா ஊன்றுகோலோடு எழுந்து வந்தார். "ரொம்பக் கிட்ட நிக்காதீங்க. தள்ளி வாங்க. இன்னும். இப்ப கண்ண லேசாச் சுருக்கிக்கிட்டுப் பாருங்க. மஞ்சள் நம்மள இழுக்குதில்ல? அது போற பக்கம் போங்க. ஒரு எடத்துல மஞ்சள் தயங்கும். அங்க நின்னு சோத்தாங்கை பக்கம் திரும்பினா எலும்பு."

அந்த இடத்தில் மஞ்சள் தயங்குவது உண்மைதான். எந்த விமர்சகரும் அதைக் கண்டதில்லை. அங்கே மஞ்சளைச் சுரண்டிய தகட்டை ஒரு கணம் நிறுத்தியது ஓவியருக்கு நினைவிருந்தது. எதற்கென்று அன்றும் தெரியாது. கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்துவிட்டார். வலியால் என்று நினைத்துப் பூக்காரம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஓவியர் நடந்தார். மஞ்சள் தயங்கிய இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. வலது பக்கம் திரும்பினார். கட்டுப் போடுகிறவர், "வழி கஷ்டமா இருந்துதா?" என்று கேட்டபடியே கையைப் பிடித்தார்.

"இல்ல. நல்லாப் போட்டிருக்காங்க."

மறுவாரம் அதிகாரி இளம் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆறு மாடிப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்களாம். படம் வராமல் அஸ்திவாரம் தோண்ட முடியாதாம். துரத்திவிடுவார் என்று எதிர்பார்த்துக் கணவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஓவியரோ, இடது கை மட்டும்தான் இப்போது வேலை செய்யும், பரவாயில்லையா என்று கேட்டார்.

இடது கையால் வரைய இரண்டு மாதம் ஆனது. கோடுகள் நடுங்கின. பொறியாளர் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். கடைசி நாளில், படத்தின் நடுவே இருந்த வெள்ளைத் துளி ஒன்றைத் தயக்கத்தோடு காட்டினார்.

"மேடம், இது தூணா?"

பிரஷ்ஷை உதறும்போது தெறித்த துளி அது. ஓவியர் பின்னால் நகர்ந்து நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ஜன்னல்" என்றார். "பெருசா வைங்க."