தம்பி சீட்டு

சாப்பாட்டு மேசையைச் சாய்த்து வாசல் வழியாக வெளியே எடுக்கும்போதுதான், ஏழு வருடம் கழித்து அண்ணன் வீட்டுக்குள் வந்திருக்கிறோம் என்பது இவனுக்கு உறைத்தது. கூடத்தில் அண்ணனைக் கிடத்த இடம் வேண்டும் என்றார்கள். இவன் லிஃப்ட் ரிப்பேர்க்காரன், கனத்த சாமானை இடுக்கு வழியில் கொண்டுபோகத் தெரிந்தவன், யாரும் கேட்காமலே ஒரு முனையைப் பிடித்துவிட்டான். மேசையை வெளியே போட்டபின் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வந்துட்டீங்களா தம்பி" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணன் அச்சகத்தில் மெஷின்மேன். அங்கே அவருக்கு 'டைட்டில்' என்று பட்டப்பெயர். ஒரே நடிகருக்கு நாற்பது வருட ரசிகர். திரையில் படத்தின் பெயர் விழுவதற்குள் உட்கார்ந்தாகவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் படம் பார்த்த கணக்கிலேயே சேராது. கல்யாணமான புதிதில், "டைட்டில் போட்டுடுவான்" என்று அண்ணியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே ஓடிய மனிதர். பக்கத்து இருக்கையில் எப்போதும் இவன்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரமும் ஒரு படம் வந்தது. "நல்லாத்தானே இருக்காரு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். உனக்கும் சேத்துதான் டிக்கெட் வாங்கியிருக்கேன், வர்றியா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் போனார். இடைவேளை விடுவதற்குள் அப்பா போய்விட்டார். அணைத்து வைத்த போனோடு அண்ணன் திரும்பி வந்து நின்றபோது, வராந்தாவில் நாலு பேர் முன்னால் இவன் சொன்னான்: "இனிமே நீ எனக்கு அண்ணன் இல்ல. நான் உனக்குத் தம்பி இல்ல."

சொன்னது சரிதான் என்றே ஏழு வருடமும் இருந்தான். இன்று காலை அண்ணி போனில், "நேத்து சாயங்காலம் புதுப் படம் பாத்துட்டு வந்து படுத்தவரு, எழுந்திருக்கல" என்றபோதுகூட, அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

பத்து மணி வாக்கில் தியேட்டரிலிருந்து ஒருவர் வந்தார். இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர். அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து நடந்தத சொன்னாராம்மா?"

"ஒண்ணும் சொல்லல. காலு வலிக்குதுன்னு படுத்துட்டாரு."

"நடிகரு வந்திருந்தாரும்மா. அவரேதான்."

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"படம் போட்டு பத்து நிமிஷம் இருக்கும். தொப்பி, மாஸ்க்கு. ஜனங்களோட உக்காந்து பாக்கணும், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்காரு. எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். நம்ம டைட்டிலண்ணன் பக்கத்துல மட்டும் ஒரு சீட்டு காலி. அங்க கூட்டிட்டுப் போனேன். அண்ணன் திரையவிட்டுக் கண்ண எடுக்காமயே, 'சார், இது என் தம்பி சீட்டு. வந்துக்கிட்டிருக்கான்'ங்கறாரு."

அண்ணன் மகள் காலையிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"யாருன்னு பாருங்கண்ணேன்னு டார்ச்ச லேசா அடிச்சேன். அவரும் மாஸ்க்க கொஞ்சம் எறக்கினாரு. பாத்தாரு. எழுந்து நின்னவரு, கும்பிட்ட கை கீழ எறங்கல. கண்ணுல தண்ணி. சரி, விட்டுடுவாருன்னு பாத்தா, 'நீங்க என் சீட்டுல உக்காருங்க சார், அது மட்டும் வேணாம். அவன் வந்தா எங்க உக்காருவான்?'ங்கறாரு."

துக்க வீடு என்பதை மறந்து யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணிக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. "எப்பவும் ரெண்டு டிக்கெட்டுதான் வாங்குவாரு. எதுக்குன்னு கேட்டா, பை வைக்கன்னுவாரு."

இவன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அவரு எங்க உக்காந்தாரு?"

"எங்க உக்கார? நடிகர தன் சீட்டுல உக்கார வெச்சுட்டு, அண்ணன் செவுத்துல சாஞ்சு நின்னாரு. நானும் சொன்னேன், நடிகரும் சொல்லிப் பாத்தாரு. அது அவன் எடம்னுட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"இடைவேளை வரைக்கும். ஒண்ணேகால் மணி நேரம் இருக்கும்."

இதயம் பலவீனம், மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"லைட்டு போடறதுக்கு முன்னாடி நடிகரு கெளம்பினாரு. அண்ணன் தோள்ல கைய வெச்சு, 'உங்க தம்பி வரலையே'ன்னாரு. 'கொஞ்சம் கோவக்காரன் சார். அடுத்த படத்துக்கு வந்துருவான்'னாரு அண்ணன்." டார்ச்சுக்காரர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஒவ்வொரு படத்துக்கும் இதேதான் சொல்வாரு. யாரும்மா அந்தத் தம்பி? வந்திருக்காரா?"

அண்ணன் மகள் சித்தப்பாவின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். காட்டிக்கொடுக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசில்லை.

இவன் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். அப்பாவுக்காகத்தான் கோபம் என்று ஏழு வருடமாக நினைத்திருந்தான். அந்தக் கோபத்தில் அப்பா எப்போதோ இல்லாமல் போயிருந்தார். மிச்சம் இருந்தது வெறும் வீம்பு. ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரே ஒரு படத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

மதியம் வண்டி வந்தது. அண்ணனை ஏற்றியபின் ஓட்டுநர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள ஒருத்தருக்குத்தான் எடம். யாரு வர்றீங்க?" என்றார். அண்ணனின் மருமகன் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"நான் வர்றேன்" என்றான் இவன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஓரமாக நின்றிருந்த டார்ச்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி."

டார்ச்சுக்காரர் நகர்ந்து வழிவிட்டார்.

உள்ளே உட்கார ஒரு குறுகலான பலகை இருந்தது. ஏறியதும் கதவைச் சாத்தினார்கள். தெரு திரும்பும் இடத்தில் வண்டி குலுங்கியதில் அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவன் குனிந்து இரண்டு கைகளாலும் அதைத் தாங்கி, போய்ச் சேரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தான்.