இடது கட்டத்தில் ஒரு டிக்

நூலகத்தில் நாற்பத்தொரு மணி நேரம் மட்டும் ஓடிவிட்டு எங்கள் பெட்டி திரும்பி வந்தது. கண் தெரியாதவர்கள் புத்தகம் கேட்பதற்காக நான் செய்த பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். அதிலேயே இருக்கும் ஹெட்போன் துளையில் குரலோடு இரைச்சலும் சேர்ந்து வரும் என்பதால், தனியாக ஓர் ஒலிப்பலகையை அதன் ஊசிகள்மேல் பொருத்தியிருந்தேன். இரைச்சல் போய்விட்டது. பக்கத்து மேசையில் பேக்கிங் செய்யும் அக்கா, ஹெட்போனில் நான் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்தை வாங்கி ஒற்றைக் காதில் வைத்துப் பார்த்தார். “வாசிக்கிறவர் எச்சில் முழுங்குறதுகூடக் கேக்குதுடி” என்று சிரித்தார்.

இப்போது பெட்டியோடு ஒரு சீட்டு: இடது பக்கம் முதலிலிருந்தே பேசவில்லை.

முதலாளி நேராக பேக்கிங் மேசைக்குத்தான் போனார். போன மாதமும் ஒரு பெட்டி அடிபட்டது, இனி பேக்கிங்குக்கு வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா டேப்பைக் கிழித்தபடி, “என் கை கொஞ்சம் முரடுதான் சார்” என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்டியைத் திறந்தேன். எதுவும் அடிபடவில்லை. இடது பக்க வயரை நான் ஈயம் வைத்துப் பற்றவைக்கவே இல்லை. சும்மா துளையில் செருகி நின்றது. சோதனைத் தாளில் இடது, வலது என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் என் டிக்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். அக்கா ஒரு நாள்கூட என் இடது பக்கம் உட்கார்ந்ததில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டுவார். நான் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் ராங்கிக்காரி என்றால், படித்த பிள்ளை, மனசுக்குள் கணக்குப் போடும், விடுங்கள் என்பார். நன்றி என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்குமே. சொன்னால் ஒலி வேலைக்கு என்னை யார் வைத்துக்கொள்வார்கள்?

எழுந்து போனேன். வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினார். போய் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டேன்.

“சார், வயரைப் பத்தவைக்காம விட்டது நான்தான்.”

“ரெண்டு பக்கமும் கேட்டுத்தானேம்மா டிக் போட்ட?”

“இல்ல சார். எனக்கு இடது காது கேக்காது.”